வீட்டுத் துணியும் நாட்டுச் சொல்லும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழா என்றால் பேச வருகிறவர், "நன்றாகப் படியுங்கள், பெரிய உத்தியோகத்துக்குப் போங்கள்" என்று சொல்லிவிட்டு உட்காருவது வழக்கம். அந்த அறிவுரையை உங்கள் ஆசிரியர்கள் தினமும் சொல்கிறார்கள். ஆகவே நான் இன்று வேறொன்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நம் வீட்டில் கொடியில் தொங்குகிற, பாயில் விரிக்கிற, அடுப்படியில் கிடக்கிற துணிகளைப் பற்றிப் பேசப் போகிறேன். "இது என்னடா, துணி மூட்டையை அவிழ்க்கிறாரே" என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மூட்டைக்குள்ளே நம்முடைய சரித்திரம் இருக்கிறது.

முதலில் ஒரு வேடிக்கை. வேறோர் ஊர்ப் பள்ளியில் ஒரு சிறுமி கட்டுரை எழுதினாள். "அம்மா தம்பியை ஏணையில் போட்டு ஆட்டினார்" என்று எழுதியிருந்தாள். திருத்தியவர் 'ஏணையில்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, 'ஏணியில்' என்று போட்டுவிட்டார். பிள்ளையை ஏணியில் போட்டு ஆட்டினால் என்ன ஆகும்? நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆனால் அந்தச் சிறுமி சிரிக்கவில்லை. வீட்டில் பாட்டி சொல்கிற சொல் தப்பு என்று அன்று முடிவு கட்டிவிட்டாள். அதன் பிறகு பாட்டியின் சொற்களை அவள் கட்டுரையில் எழுதவே இல்லை.

உண்மையில் ஏணை என்பது நல்ல தமிழ்ச்சொல். சேலையால் கட்டுகிற தொட்டிலுக்கு அது பெயர். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பெரிய தமிழ் அகராதியில் அது இருக்கிறது. ஆற்காட்டுப் பக்கத்திலும் இலங்கையிலும் அது அன்றாடப் பேச்சு. வேறு மாவட்டத்தார் அதையே தூளி என்பார்கள். தெற்கே பலர் தொட்டில் என்றே சொல்லிவிடுவார்கள். ஒரே பொருள், மூன்று பெயர். எது சரி? மூன்றும் சரிதான்.

ஒரே தோட்டத்தில் மூன்று பெயர் எப்படி வந்தது என்று மாணவர்கள் கேட்க வேண்டும். இதற்கு விடை நம் மலாக்கா மாநிலத்திலேயே தொடங்குகிறது. 1896-ஆம் ஆண்டு டான் சாய் யான் என்ற சீனப் பெருமகனார் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவில் வாணிப நோக்கத்தோடு போடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ரப்பர் விலை ஏறியது, காடுகள் தோட்டங்களாயின, பால் வெட்ட ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் ஆள் சேர்த்தார்கள். திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும், சேலத்திலிருந்தும், வட ஆற்காடு, தென் ஆற்காட்டிலிருந்தும், இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்தும் நம் முன்னோர் சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களில் கப்பல் ஏறினார்கள். உதவிச் செலவில் ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938-இல் நிறுத்தும் வரை இது நடந்தது.

ஊரில் இருந்தவரை திருநெல்வேலிக்காரர் வட ஆற்காட்டுக்காரரைப் பார்த்திருக்க மாட்டார். இங்கே வந்த பிறகு லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் கதவு! நடுவிலே ஒரு பலகைச் சுவர். இந்தப் பக்கத்து அம்மாள், "அக்கா, பிள்ளைக்கு ஏணை கட்டணும், கயிறு இருக்கா?" என்று கேட்பாள். அந்தப் பக்கத்து அம்மாள், "தூளிக் கயிறா? இருக்கு, வந்து எடுத்துக்கடி" என்பாள். தமிழ்நாட்டு வரைபடத்தில் நூற்றுக்கணக்கான மைல் தள்ளிக் கிடந்த இரண்டு சொற்கள் இங்கே ஒரே விட்டத்தில் தொங்கின. தமிழ்நாட்டில் ஒரு கிராமத்தில் கிடைக்காத சொற்களஞ்சியம் நம் லயத்தில் கிடைத்தது என்றால் அது மிகையாகாது.

இனி, ஒரே ஒரு நூல் சேலையை எடுத்துக்கொள்வோம். அது நம் வீட்டில் எப்படியெல்லாம் வாழ்ந்தது, ஒவ்வொரு வயதிலும் அதற்கு என்ன பெயர் என்று பார்ப்போம்.

கடையிலிருந்து வந்து இன்னும் தண்ணீர் படாத புதுத் துணிக்குக் கோடி என்று பெயர். கல்யாணத்துக்கும் கோடி எடுப்பார்கள், சாவுக்கும் கோடி போடுவார்கள். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒரே சொல். அந்தக் கோடியைக் கட்டத் தொடங்கியதும் அது சேலையாகிறது. மதுரைப் பக்கத்தாரும் கொங்கு நாட்டாரும் சீலை என்பார்கள். தஞ்சாவூரிலும் வடக்கு மாவட்டங்களிலும் புடவை என்பார்கள். சீலை என்பது சேலையின் கொச்சை என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியல்ல. சீலை என்றால் பொதுவாகவே துணி என்று பொருள். திரைச்சீலை என்கிறோமே, அது யார் கட்டும் சேலை? சித்த வைத்தியர் மருந்துப் பானையின் வாயைத் துணியும் மண்ணும் கொண்டு பூசி மூடுவதைச் சீலைமண் செய்தல் என்பார். ஆகவே உங்கள் பாட்டி 'சீலை' என்றால் அதைத் திருத்தப் போகாதீர்கள். அந்தச் சொல்லுக்கு அவ்வளவு வேலை இருக்கிறது.

சேலையிலும் ஊருக்கு ஊர் வகை உண்டு. காரைக்குடிப் பக்கத்துக் கட்டம் போட்ட சேலை கண்டாங்கி. மதுரையில் சௌராட்டிர மக்கள் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்துப் புள்ளி எடுப்பது சுங்குடி. மயிலாடுதுறையை ஒட்டிய கூறைநாட்டுப் பெயரோடு சேர்ந்தது கூறைப்புடவை. யாழ்ப்பாணத்தார் கல்யாணச் சேலையையே கூறை என்கிறார்கள்.

சேலையைக் கட்டினால் முன்னே மடித்துச் செருகுவது கொசுவம். தோளில் போடும் நுனி முந்தானை, பேச்சில் முந்தி. மார்பை மூடி வரும் பகுதியை மாராப்பு என்றும் மாராக்கு என்றும் சொல்வார்கள். இந்த முந்திக்கு எத்தனை வேலை! பிள்ளையின் மூக்கைத் துடைக்கும். வெயிலில் தலைக்கு முக்காடாகும். சம்பளப் பணத்தில் மிஞ்சிய சில்லறையை அதன் நுனியில்தான் முடிந்துகொள்வார்கள். நம் பாட்டிமாருக்கு அதுதான் பேங்கு. வயதான அம்மாமார் இடுப்பில் சுருக்குப்பை செருகியிருப்பார்கள். வெற்றிலை, பாக்கு, கொஞ்சம் காசு, ஒரு தலைவலித் தைலம் எல்லாம் அதற்குள்ளே அடக்கம்.

சேலை பழசாகிறது. ஆனால் வீண் போவதில்லை. பலமுறை துவைத்துத் துவைத்துப் பஞ்சு போலாகிவிட்ட நூல் சேலைதான் ஏணைக்கு ஏற்றது. புதுச்சேலையின் கஞ்சி மொடமொடப்பு பிள்ளைக்கு உறுத்தும். பட்டும் நைலானும் வழுக்கும், காற்றும் புகாது. பழைய நூல் சேலையை இரண்டாக மடித்து, விட்டத்திலிருந்து தொங்கும் கயிற்றில் கட்டி, பிள்ளையை மூடிக்கொள்ளாமல் இருக்க மேலே குறுக்கே ஒரு கட்டையைக் கொடுத்து அகட்டிவிடுவார்கள். பெரட்டுக்குப் போகும் தாய் விடியுமுன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆயாக் கொட்டகைக்கு ஓடுவாள். அங்கே வரிசையாகத் தொங்கும் ஏணைகளில் எந்தச் சேலை தன் தாயின் சேலை என்று பிள்ளைக்குத் தெரியும். கண்ணால் அல்ல, வாசனையால். இங்கே உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிமாரில் பலர் அப்படித் தொங்கியவர்கள்தாம். சிரிப்பதைப் பார்த்தால் தெரிகிறது!

பிள்ளை வளர்ந்து ஏணையை விட்டு இறங்கியதும் அந்தச் சேலை கிழிக்கப்படும். பெரிய துண்டு போர்வையாகும். இரண்டு மூன்று பழஞ்சேலைகளைச் சேர்த்துத் தைத்தால் நல்ல கனமான ஒட்டுப்போர்வை. இன்னொரு துண்டைச் சுருட்டி வளையமாக்கினால் சும்மாடு. தலையில் தண்ணீர்க் குடமோ விறகுக் கட்டோ தூக்கும்போது பாரம் உறுத்தாமல் தாங்கும். மிஞ்சியதில் ஒன்று அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் பிடிதுணி. கரி ஏறிக் கறுத்த பிறகு அதற்கே கரித்துணி என்று பெயர். கடைசியாக மிஞ்சும் நூலைத் திரித்தால் சாமி விளக்குக்குத் திரி. கோடியாக வந்தது, தீபத்தில் போய் முடிந்தது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சொல். ஏழை வீட்டுத் துணிதான். ஆனால் பெயருக்குப் பஞ்சமில்லை.

ஆண்கள் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். வீட்டில் உடுத்தும் மூட்டிய துணியை நாம் கைலி என்கிறோம். தமிழ்நாட்டில் பலர் லுங்கி என்பார்கள். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்திலும் இலங்கையிலும் சாரம் என்பார்கள். இந்தச் சாரம் எங்கிருந்து போனது? மலாய்க்காரர்களின் சாரோங்தான். நாம் இங்கே வந்ததுபோல அந்தச் சொல் இங்கிருந்து அங்கே போயிருக்கிறது.

தோளில் போடுகிற துண்டுக்கும் பெயர்கள் உண்டு. கன்னியாகுமரிப் பக்கத்தார் துவர்த்து அல்லது தோர்த்து என்பார்கள். 'தலையைத் துவட்டு' என்று சொல்கிறோம் அல்லவா, அந்தத் துவட்டும் வேலைக்கு ஆனதுதான் துவர்த்து. இரண்டு இழை சேர்த்து நெய்தது ஈரிழைத் துண்டு. அந்தத் துண்டு தலையில் ஏறினால் முண்டாசு அல்லது தலைப்பாகை. இடுப்பில் இறங்கினால் பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை. துணி, துண்டு இரண்டும் வெட்டுதல் என்ற பொருளில் வந்த சொற்கள். தறியிலிருந்து அறுத்து எடுப்பதால் பழந்தமிழில் துணிக்கு அறுவை என்றும் பெயர் இருந்தது. இன்று அறுவை என்றால் ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வரும்!

படுக்கைக்கு வருவோம். பாயின் மேல் விரிக்க ஜமக்காளம்; சிலர் சமுக்காளம் என்பார்கள். காவிரியும் பவானி ஆறும் கூடும் பவானி ஊர் இதற்குப் பெயர் பெற்றது. கனத்த நூலில் பட்டை பட்டையாக வண்ணம் கொடுத்து நெய்வார்கள். தலைக்கு வைப்பது தலையணை, பேச்சிலே தலகாணி. உள்ளே இலவம் பஞ்சு. போர்த்திக்கொள்ளப் போர்வை, குளிருக்குக் கம்பளி. இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்தார் கனமான போர்வையைத் துப்பட்டி என்பார்கள்.

இந்தத் துப்பட்டியால் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர், ஊர் வேண்டாம். காய்ச்சலில் படுத்திருந்த பாட்டி பேரனைப் பார்த்து, "ராசா, குளுருது, அந்தத் துப்பட்டிய எடுத்தாய்யா" என்று கேட்டார். பேரன் நல்ல பிள்ளை. உடனே ஓடிப்போய் அக்காளின் பஞ்சாபி சூட்டுக்குப் போடும் மெல்லிய துப்பட்டாவைக் கொண்டுவந்து பாட்டி மேல் போட்டான். பாட்டி, "இது இல்லய்யா" என்றார். அவனுக்கு வேறு எது என்று தெரியவில்லை. வேலை முடிந்து தாய் வரும்வரை பாட்டி குளிரில் நடுங்கிக்கொண்டே கிடந்தார். துப்பட்டியும் துப்பட்டாவும் ஒரே வேரிலிருந்து வந்தவைதாம். ஒன்று கனம், ஒன்று மெல்லிசு. ஆனால் அந்த ஒரு சொல் பேரனுக்கும் பாட்டிக்கும் நடுவிலே அறுந்துபோயிருந்தது. சொல் அழிந்தால் அகராதிக்கு நஷ்டம் என்று பண்டிதர்கள் சொல்வார்கள். நான் சொல்கிறேன், முதல் நஷ்டம் காய்ச்சலில் படுத்திருக்கும் பாட்டிக்குத்தான்.

இன்று நம் பிள்ளைகள் போர்வையைச் செலிமுட் என்கிறார்கள். தலையணையைப் பந்தால் என்கிறார்கள். திரைச்சீலையை லங்சீர் என்கிறார்கள். கனத்த விரிப்பைத் தோத்தோ என்கிறார்கள். இதைக் கேட்டு நான் கோபப்படவில்லை. மலாய் நம் தேசிய மொழி, நம் அண்டை வீட்டார் மொழி. அதைப் பிழையறப் பேச வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நம் சொல்லும் அவர்கள் வீட்டில் வாழ்கிறது. நம் கட்டில் அங்கே காத்தில். நம் பெட்டி அங்கே பெத்தி. துணிக்குப் போடும் கஞ்சி அங்கேயும் கஞ்சிதான். நாம் கோணி என்பதை அவர்கள் குனி என்கிறார்கள். ஆங்கிலத்தில் அதே வேரிலிருந்து கன்னி என்று வழங்குகிறது.

மலாய்க்காரர் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குக் காய்ன் பெலிக்காட் என்று பெயர். இந்தப் பெலிக்காட் என்பது சென்னைக்கு வடக்கே கடலோரத்திலுள்ள பழவேற்காடு. வெள்ளைக்காரன் வாயில் அது புலிக்காட் ஆனது. டச்சுக்காரர்கள் 1613-இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டித் துணி வாங்கினார்கள். 1641-இல் மலாக்காவையும் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். தமிழ்நாட்டுக் கரையில் நெய்த துணி, ஊர்ப் பெயரையும் சுமந்துகொண்டு இந்தக் கரைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும் மலாய் நண்பர் பெலிக்காட் கட்டியிருந்தால், அதில் ஒரு தமிழ் ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். பெருமையடிக்க அல்ல, உறவு பழையது என்று உணர.

போர்த்துகீசியரும் சும்மா போகவில்லை. 1511-இல் மலாக்காவைப் பிடித்த அவர்கள், தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் இறங்கியவர்கள். அதனால் ஒரே சொல் இரு மொழியிலும் புகுந்தது. நாம் துவாலை என்கிறோம், மலாயில் துவாலா. நாம் பொத்தான் என்கிறோம், மலாயில் புத்தாங். துணி அடுக்கும் அலமாரி இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றே. நம் சன்னல் மலாயில் ஜெண்டெலா. காலையில் முகம் துடைத்துச் சட்டைப் பொத்தான் போடுவதற்குள் ஐந்நூறு ஆண்டுச் சரித்திரம் நம் கைக்குள் வந்துவிடுகிறது.

அந்தச் சரித்திரத்தின் இன்னொரு சாட்சியும் மலாக்காவிலேயே இருக்கிறது. சுல்தான்கள் காலத்திலேயே வாணிபம் செய்ய வந்து இங்கே தங்கியவர்கள் மலாக்கா செட்டி மக்கள். காஜா பெராங்கில் வாழ்கிறார்கள். 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அவர்களுடையது. அவர்கள் வீட்டில் பேசுவது மலாய் கலந்த மொழி. பெண்கள் சாரோங்கும் கெபாயாவும் உடுத்துவார்கள். தமிழ் பேச்சுமொழியாக அவர்களிடம் நிற்கவில்லை. ஆனாலும் ஆண்கள் விழாவில் அணியும் தலையணியைத் தலாப்பா என்கிறார்கள். அது நம் தலைப்பாதான். மொழி போன பிறகும் ஒரு துணியின் பெயர் நின்றிருக்கிறது! இறைவழிபாட்டையும் குலமுறையையும் இத்தனை நூற்றாண்டு விடாமல் காத்த அவர்களை நான் வணங்குகிறேன். நமக்கு அதில் ஒரு பாடமும் உண்டு: பேச்சு போவதற்குப் பல தலைமுறை வேண்டியதில்லை, வீட்டில் பேசாமல் விட்டால் போதும்.

நம் பெரியவர்கள் துணி இல்லாத காலத்தையும் பார்த்தவர்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் ஆட்சி. கப்பல் வரவில்லை, துணி வரவில்லை. தோட்டத்து ஆண்களும் பெண்களும் சாக்கைக் கிழித்து உடுத்திக்கொண்டார்கள். வெளியே போக ஒரு நல்ல துணி இருந்தால் அதை மாற்றி மாற்றிக் கட்டினார்கள். செத்தவருக்குப் போடக் கோடி கிடைக்கவில்லை. கோணி என்ற சொல் உங்களுக்கு அரிசி மூட்டை. அவர்களுக்கு அது மானம் காத்த உடை. 1945-இல் பத்து வயதுச் சிறுமியாக இருந்தவருக்கு இப்போது தொண்ணூறு வயது. அவர்கள் இன்னும் எத்தனை நாள் நம்மோடு இருப்பார்கள்? கேட்க வேண்டியதை எப்போது கேட்கப் போகிறோம்?

தோட்டமும் மாறிவிட்டது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் கைமாறித் துண்டாகி, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தில் ஒரே வரிசையில் இருந்தவர்கள் இன்று ஜாசினில் ஒரு தாமான், அலோர்காஜாவில் ஒரு தாமான், மலாக்கா டவுனில் ஒரு பிளாட் என்று சிதறிப்போனார்கள். பலகைச் சுவர் தாண்டி வந்த ஏணையும் தூளியும் கல் சுவர் தாண்டி வருவதில்லை. விட்டம் இல்லாத வீட்டில் ஏணை கட்டவும் முடியாது. ஸ்பிரிங் தொட்டில் வந்துவிட்டது. வசதி வந்ததைக் குறை சொல்லவில்லை. பொருள் போகலாம், ஆனால் பெயரையும் கூடவே அனுப்பிவிட வேண்டுமா?

இந்த இடத்தில் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். "அப்படியானால் பிள்ளைகள் கொச்சையாக எழுதலாமா?" என்று கேட்பீர்கள். கூடாது. கொச்சை வேறு, வட்டார வழக்கு வேறு. தலையணையைத் தலகாணி என்பது பேச்சில் தேய்ந்த வடிவம். கட்டுரையில் தலையணை என்றே எழுதச் சொல்லுங்கள். ஆனால் ஏணை, தூளி, துப்பட்டி, சும்மாடு, துவர்த்து இவையெல்லாம் தேய்ந்த சொற்கள் அல்ல, தனித்தனிச் சொற்கள். தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரித்தார். பன்னிரண்டு நிலத்து மக்களின் சொற்களையும் திசைச்சொல் என்று சொல்லி இலக்கணத்திலேயே இடம் கொடுத்தார். அவர் வரவேற்ற விருந்தாளியை நாம் சிவப்பு மை கொண்டு வாசலில் நிறுத்தலாமா?

நம் காலத்திலும் பெரியவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மக்களின் சொற்களைத் திரட்டி 1982-இல் ஓர் அகராதியாக வெளியிட்டார். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொற்களை அகராதியாக்கினார். இவர்கள் முதலில் போய்க் கேட்டது பேராசிரியர்களை அல்ல. நம் பாட்டிமாரைப் போன்றவர்களைத்தான்.

ஆகவே, மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை. செலவு அதிகமில்லை, ஓர் அப்பியாசப் புத்தகம் போதும். ஒரு பக்கத்தில் நான்கு கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் சொல்; இரண்டாவதில் அது எந்தத் துணி, எதற்குப் பயன்பட்டது; மூன்றாவதில் சொன்னவர் உங்களுக்கு என்ன உறவு; நான்காவதில் அவர்களுடைய பெற்றோர் தமிழ்நாட்டில் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள். பாட்டி அனுமதித்தால் அந்தத் துணியில் இரண்டு அங்குலம் வெட்டிப் பக்கத்தில் ஒட்டுங்கள். பாட்டியைக் கேட்காமல் வெட்டிவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள்! வீட்டுக்கு ஐந்து சொல் வந்தால்கூட, ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால் நூற்றைம்பது சொல். அவற்றில் பல ஒன்றாக இருக்கும். சில எந்த அகராதியிலும் இல்லாதவையாக இருக்கலாம்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒன்று. பிள்ளை செலிமுட் என்று கேட்டால் திட்ட வேண்டாம். "இந்தா போர்வை, உன் பாட்டி இதைத் துப்பட்டி என்பாங்க" என்று சொல்லிக் கொடுங்கள். மூன்று சொல்லும் அவன் வாயில் இருக்கட்டும். மூன்று சொல் தெரிந்த பிள்ளைக்கு மலாய் நண்பரோடும் பேச முடியும், கட்டுரையும் எழுத முடியும், பாட்டி குளிருது என்றால் சரியான துணியை எடுத்துக் கொடுக்கவும் முடியும்.

இன்று இந்த மேடையில் பரிசு வாங்கப் போகும் பிள்ளைகளே, உங்கள் பாட்டன் பாட்டி கப்பலில் இறங்கியபோது கையில் கொண்டுவந்தது பெரும்பாலும் ஒரு துணி மூட்டைதான். அதிலிருந்த துணியெல்லாம் கிழிந்து, கரித்துணியாகி, திரியாகி எரிந்துபோயிற்று. கிழியாமல் மிஞ்சியது அவற்றின் பெயர்கள் மட்டுமே. சொத்து என்று அவர்கள் நமக்கு எழுதி வைத்தது அதுதான். அதற்குப் பட்டா வேண்டாம், வரி வேண்டாம். வாயால் சொல்லிக்கொண்டிருந்தால் போதும், அது நம்முடையதாகவே இருக்கும்.

 பரிசு பெறும் மாணவர்களுக்கு வாழ்த்துகள். இவ்வாண்டு பெறாதவர்கள் மனம் தளர வேண்டாம். அடுத்த ஆண்டும் மேடை இங்கேதான் இருக்கும்.